அக்காவுக்கு எந்த மருந்து? பழைய பாக்லிடாக்செல்லும் நானோ பாக்லிடாக்செல்லும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே தையல் தொழில் செய்துவரும் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானபோது வயது 58. சர்க்கரை நோய் வந்து அப்போதே 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. அறுவைச் சிகிச்சையும் அதன் பின் நான்கு சுற்றுக் கீமோவும் முடிந்த நிலையில், அடுத்து பாக்லிடாக்செல் கொடுக்க வேண்டும் என்று புதுச்சேரியில் அவரைப் பார்த்துவரும் மருத்துவர் சொன்னார். அந்த மருந்து பழைய வடிவத்திலும் நானோ வடிவத்திலும் கிடைக்கிறது என்பதையும், இரண்டுக்கும் விலையில் பல மடங்கு வேறுபாடு உண்டு என்பதையும் விளக்கிவிட்டு, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று ஒரு வார அவகாசம் கொடுத்தார். திரும்பி வரும் பேருந்து கிருமாம்பாக்கத்தைத் தாண்டும்போது அக்கா மகன் என் பக்கம் திரும்பி, "காசைப் பார்க்க வேண்டாம் மாமா. நானோ மருந்துன்னா நேரா கட்டியில போய்த்தான் வேலை செய்யுமாம். அதையே போடச் சொல்லுங்க" என்றான்.

அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கடைசிச் சில ஆண்டுகள் கீமோ மருந்துகளைக் கலந்து கொடுக்கும் அறையிலேயே கழிந்தன. எனவே அந்த ஒரு வாரமும் கேள்வி என் தலையில்தான் இருந்தது. இதே கேள்வியோடு கடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் புதுச்சேரிக்குப் போய்வரும் குடும்பங்கள் பல என்பதால், நான் ஒப்பிட்டுப் பார்த்த விதத்தை எழுதுகிறேன். மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று ஆகாது. அவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு உதவக்கூடும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு குப்பிகளிலும் உள்ள மருந்து ஒன்றுதான். பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையிலிருந்து அதை மன்றோ வால், மன்சுக் வானி ஆகிய வேதியியலாளர்கள் இருவரும் பிரித்தெடுத்து, 1971இல் அதன் வேதியியல் அமைப்பை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 1992இல் அது மருந்தாக அனுமதிக்கப்பட்டது. செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே உருவாகும் நுண்குழல்களைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடித்து, பிரிதலை நடுவில் நிறுத்திவிடுவதே அதன் வேலை. சிக்கல் என்னவென்றால், பாக்லிடாக்செல் தண்ணீரில் கரையாது. கரையாததை நரம்பில் ஏற்ற முடியாது. இந்த ஒரு தடையை எப்படிக் கடக்கிறோம் என்பதில்தான் பழைய வடிவமும் நானோ வடிவமும் பிரிகின்றன.

பழைய வடிவத்தில் கிரெமோஃபோர் என்ற பொருளில் மருந்தைக் கரைக்கிறார்கள். நம் ஊர் ஆமணக்கு எண்ணெயை வேதிமுறையில் மாற்றிச் செய்வது அது. அந்தக் கரைசலில் ஏறத்தாழப் பாதி எத்தனால் என்னும் ஆல்கஹால். கீமோ மருந்தின் அளவை உடற்பரப்பைக் கொண்டு கணக்கிடுகிறோம்; அக்காவுக்கு அது ஏறக்குறைய 1.5 சதுர மீட்டர். வாரம் ஒரு முறை சதுர மீட்டருக்கு 80 மில்லிகிராம் என்றால் 120 மில்லிகிராம், அதாவது 20 மில்லிலிட்டர் கரைசல். அதில் சுமார் 10 மில்லிலிட்டர் எத்தனால் இருக்கும். சொட்டு ஏறும்போது சிலர் கண் செருகித் தூங்கிவிடுவதற்கு இதுவும், ஒவ்வாமையைத் தடுக்கக் கொடுக்கும் ஊசியும் காரணம். கிரெமோஃபோர் சாதாரண பிவிசி குழாயை வளையும்படி செய்யச் சேர்த்துள்ள நெகிழ்விப்பானைக் கரைத்து இழுத்துவிடும் என்பதால், இந்த மருந்துக்குத் தனிக் குழாயும் நுண்வடிகட்டியும் தேவை. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒவ்வாமை. முன்மருந்து கொடுத்த பிறகும், நூற்றில் இரண்டு முதல் நான்கு பேருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பது மருந்துக் குறிப்பிலேயே உள்ள செய்தி. அதைத் தடுக்கத்தான் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டைக் கொடுக்கிறோம். சர்க்கரை நோயாளிக்கு அது கொடுத்த அன்றும் மறுநாளும் இரத்தச் சர்க்கரை ஏறும்.

நானோ வடிவத்தில் கிரெமோஃபோரும் இல்லை, எத்தனாலும் இல்லை. நம் இரத்தத்திலேயே இருக்கும் அல்புமின் புரதத்தோடு மருந்தைச் சேர்த்து, சராசரியாக 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்குகிறார்கள். ஒரு சிவப்பணுவின் விட்டம் 7,000 நானோமீட்டருக்கு மேல் என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். அமெரிக்காவில் 2005இல் இதற்கு அனுமதி கிடைத்தது. இதைக் கலக்கும் முறை இன்றும் என் கைக்கு மறக்கவில்லை. குப்பிக்குள் 100 மில்லிகிராம் மருந்தும் ஏறக்குறைய 900 மில்லிகிராம் அல்புமினும் சேர்ந்து காய்ந்த கட்டியாக இருக்கும். 20 மில்லிலிட்டர் உப்புநீரை அதன் மேல் நேராகப் பீய்ச்சக் கூடாது. குப்பியின் உட்சுவரோடு வழியவிட்டு ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக இறக்க வேண்டும். ஐந்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு மெல்லச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரை கட்டிவிடும். சரியாகக் கலந்தால் தண்ணீர் விட்ட பால் போல வெண்மையாக நிற்கும். அதை 30 நிமிடத்தில் ஏற்றிவிடலாம். வழக்கமாக ஸ்டீராய்டு முன்மருந்து தேவைப்படாது.

இந்த அளவில் பார்த்தால் சர்க்கரை நோயாளியான அக்காவுக்கு நானோ வடிவம்தான் பொருத்தம் என்று தோன்றும். முதல் இரண்டு நாட்கள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் "நேராகக் கட்டியில் போய்த்தான் வேலை செய்யும்" என்ற மருமகனின் வாதத்தை முதலில் சோதிக்க வேண்டியிருந்தது. புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுங்காக அமையாமல் ஓட்டை விழுந்து இருப்பதால், நானோ துகள்கள் அங்கே கசிந்து தங்கும் என்று ஜப்பானின் மட்சுமுராவும் மயேதாவும் 1986இல் காட்டினார்கள். நானோ மருந்தை ஏவுகணையோடு ஒப்பிட்டு எழுதும் செய்திகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. முப்பது ஆண்டு கழித்து, 2016இல், டொரண்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழுவினர் பத்தாண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விலங்குகளின் உடலில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்த அளவின் இடைநிலை மதிப்பு 0.7 சதவீதம் என்று தெரியவந்தது. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அல்புமின் பாக்லிடாக்செல்லோ இரத்தத்தில் கலந்த சிறிது நேரத்திலேயே 130 நானோமீட்டர் துகளாக நீடிக்காமல் சிறு சிறு புரதக் கூட்டுகளாகப் பிரிந்துவிடும் தன்மை உடையது.

அக்காவின் நிலையில் இன்னொன்றும் உண்டு. அவருடைய கட்டியை அறுவையில் எடுத்தாயிற்று. இப்போது கொடுக்கும் கீமோ, கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கக்கூடிய சில செல்களை நோக்கியது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவை எட்டாத எச்சத்துக்குச் சொந்த இரத்தக் குழாய்களே இன்னும் உருவாகியிருக்காது; ஓட்டைக் குழாய் வழியே கசிந்து சேரும் என்ற வாதத்துக்கு அங்கே இடமே இல்லை. இதைச் சொன்னபோது மருமகன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். தன் தாய்க்கு மிகச் சிறந்ததைத் தர வேண்டும் என்று துடித்த பிள்ளைக்கு இது எளிதில் ஏற்கக்கூடிய செய்தி இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

அடுத்து, மனிதர்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனைகள். நானோ வடிவம் சிறந்தது என்று சொல்பவர்கள் காட்டும் முதல் சான்று 2005இல் வெளியான ஆய்வு. உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களிடம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில், சதுர மீட்டருக்கு நானோ வடிவம் 260 மில்லிகிராமும் பழைய வடிவம் 175 மில்லிகிராமும் கொடுத்து ஒப்பிட்டார்கள். கட்டி சுருங்கியவர்கள் நானோ பிரிவில் 33 சதவீதம், பழைய பிரிவில் 19 சதவீதம். பெரிய வேறுபாடுதான். ஆனால் இங்கே இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். நானோ பிரிவினருக்குக் கிடைத்த மருந்தின் அளவே கூடுதல். மேலும், பழைய பாக்லிடாக்செல்லை மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பதைவிட வாரந்தோறும் சிறு அளவில் கொடுப்பதே நல்ல பலன் தருகிறது என்று 2008இல் வந்த பெரிய ஆய்வுகள் நிறுவிவிட்டன. அப்படியானால் 2005இல் நானோ வடிவம் வென்றது, பழைய மருந்தின் வலுக்குறைந்த முறையைத்தான்.

வலுவான முறையோடு மோதவிட்டபோது நடந்தது வேறு. 799 பேர் கொண்ட அமெரிக்க ஆய்வு 2015இல் வெளியானது. அதில் வாரந்தோறும் பழைய பாக்லிடாக்செல் பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் கழிந்த காலம் 11 மாதம், நானோ பிரிவினருக்கு 9.3 மாதம். நானோ மேலானது என்பது நிரூபணமாகவில்லை. பக்கவிளைவு மட்டும் கூடியது. அறுவைக்கு முன்பு மருந்து கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஜெர்மனியில் 1,206 பேரிடம் நடந்த ஆய்வில், அறுவையின்போது புற்று அறவே மறைந்திருந்தவர்கள் நானோ பிரிவில் 38 சதவீதம், பழைய பிரிவில் 29 சதவீதம். நான்கு ஆண்டுக்குப் பின்னும் நோய் திரும்பாதிருந்தவர்கள் நானோ பிரிவில்தான் அதிகம். 695 பேர் கொண்ட மற்றோர் ஆய்விலோ நானோ பிரிவில் 22.5 சதவீதம், பழைய பிரிவில் 18.6 சதவீதம் என்ற சிறு வேறுபாடே கிடைத்தது. அது புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. ஜெர்மன் முடிவை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பலனுக்குக் கொடுத்த விலையும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது: கடுமையான நரம்புப் பாதிப்பு நானோ பிரிவில் 10 சதவீதம், பழைய பிரிவில் 3 சதவீதம்.

என் அக்காவைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இந்த எண்தான். நரம்புப் பாதிப்பு என்றால் விரல் நுனியும் பாதமும் மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போலவும் ஊசி குத்துவது போலவும் இருப்பது. 14 ஆண்டுச் சர்க்கரையால் அக்காவின் பாதங்கள் ஏற்கெனவே பாதி மரத்தவை. செருப்பு கழன்றுவிட்டது தெரியாமல் நடந்து வந்திருக்கிறார். அவர் தொழிலோ விரல் நுனியில் இருக்கிறது. ஊசிக் காதில் நூல் கோர்ப்பது, துணியின் மடிப்பைத் தடவிப் பார்த்தே தையல் நேராக ஓடுகிறதா என்று அறிவது, கொக்கி வைப்பது எல்லாம் தொடு உணர்வை நம்பியவை. ஸ்டீராய்டால் ஏறும் சர்க்கரையை இன்சுலின் அளவை மாற்றிச் சில நாளில் இறக்கிவிடலாம். ஏற்கெனவே சேதப்பட்ட நரம்பின் மேல் வந்து சேரும் சேதமோ மாதக்கணக்கில் நீடிக்கும். சிலருக்கு முழுமையாக மீள்வதே இல்லை. பழைய வடிவத்திலும் இந்த ஆபத்து உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டில் குறைவானது எது என்பதே அன்று எங்கள் முன் இருந்த கேள்வி.

நானோ வடிவத்துக்கு உரிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடத்தில் மூச்சுத் திணறி இரத்த அழுத்தம் இறங்கியவர்களுக்கும், ஸ்டீராய்டு கொடுக்கவே முடியாத நிலையில் உள்ளவர்களுக்கும் அது உண்மையான மறுவாய்ப்பு. பரவிய கணையப் புற்றுநோயில் அதன் இடம் வேறு. ஜெம்சிடபின் என்னும் வேறொரு கீமோ மருந்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்த 861 பேர் ஆய்வில், ஆயுளின் இடைநிலை அளவு 6.7 மாதத்திலிருந்து 8.5 மாதமாக உயர்ந்தது. 2013இல் இந்த முடிவு வெளியானது முதல் அது அங்கே முதன்மைச் சிகிச்சைகளில் ஒன்று. கணையப் புற்றுநோய் உள்ள உறவினருக்காக ஒருவர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் முற்றிலும் வேறாக இருக்கும். பயணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வார முறை என்றால் புதுச்சேரிக்குப் பன்னிரண்டு பயணம். நானோ வடிவத்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தால் நான்கே பயணம். ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கு வருபவரின் கூலியையும் இழந்து வருகிற குடும்பத்துக்கு அதுவும் மருந்தின் விலைதான்.

மருமகன் இணையத்தில் பார்த்துவிட்டு, அக்கா முதல் நான்கு சுற்றில் பெற்ற டாக்சோரூபிசினின் நானோ வடிவமான லைப்போசோம் டாக்சோரூபிசினைப் பற்றியும் கேட்டான். அது தனிக் கதை. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, முதல் நானோ மருந்து என்று சொல்லப்படுகிற மருந்து அது. ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிக்குள் டாக்சோரூபிசினை அடைத்து, உடலின் காவல் செல்கள் எளிதில் பிடிக்காதபடி மேலே ஒரு பாலிமர் போர்வை போர்த்தியிருப்பார்கள். 2012இல் அமெரிக்காவில் இதற்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தியாவின் சன் பார்மா தயாரிப்பை அங்கே இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது. பரவிய மார்பகப் புற்றுநோயில் 509 பெண்களிடம் இதைச் சாதாரண டாக்சோரூபிசினோடு ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வெளியானது. ஆயுள் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய சமம்: 21 மாதம், 22 மாதம். இதயப் பாதிப்பு நானோ பிரிவில் மிகக் குறைவு. முடி கொட்டியவர்கள் 66 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம். ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தோல் உரிந்து எரியும் பாதிப்பு 2 சதவீதத்திலிருந்து 48 சதவீதமாக ஏறியது. அந்தச் சிறு குமிழிகள் தோலின் நுண்குழாய்கள் வழியே கசிவதும், சூடும் அழுத்தமும் உராய்வும் அதை மிகுவிப்பதுமே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பண்ருட்டிப் பக்கம் நாள் முழுதும் முந்திரி உடைக்கிற பெண்ணுக்கும், கடலூர் முதுநகரில் மீன் கூடை சுமந்து வெயிலில் நடக்கிற பெண்ணுக்கும் இதைப் பரிந்துரைக்கும்போது, அவர்கள் கையையும் காலையும் பார்த்துவிட்டுத்தான் பரிந்துரைக்க வேண்டும். இதயம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு இது நல்ல மருந்து. அக்காவுக்கு எக்கோ பரிசோதனை சரியாக இருந்தது. டாக்சோரூபிசின் சுற்றுகளும் முடிந்துவிட்டன. மேலும், குணப்படுத்தும் நோக்கில் தரும் ஆரம்ப நிலைச் சிகிச்சையில் இந்த லைப்போசோம் வடிவம் வழக்கமான தேர்வு அல்ல.

இந்த மருந்தை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லைப்போசோம் டாக்சோரூபிசினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஒரு மருத்துவமனை வெளியில் வாங்கிவரச் சொன்னதால், குப்பியை நேரடியாக ஐஸ் கட்டிக்கு நடுவே புதைத்து இரண்டு மணி நேரம் பேருந்தில் கொண்டுபோனது. குப்பி உறைந்துவிட்டது, அதைப் பயன்படுத்தாமல் ஒதுக்க வேண்டியதாயிற்று. எப்படி எடுத்துவர வேண்டும் என்று அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடன் வாங்கி வாங்கிய மருந்து. குழம்பிப்போய் அந்தத் தாய் குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

நோயறிதலிலும் நானோ உண்டு. அங்கே எங்களுக்கு முடிவெடுக்கும் வேலை குறைவாக இருந்தது. அக்குளில் முதலில் புற்று பரவக்கூடிய நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்க நீலச்சாயம், டெக்னீசியம் சேர்த்த கதிரியக்க நுண்துகள், இரும்பு ஆக்சைடு காந்தத் துகள் என்று வழிகள் இருக்கின்றன. டெக்னீசியத்தின் கதிரியக்கம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் அறுவை நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். காந்தத் துகளுக்கு அந்த அவசரம் இல்லை, ஆனால் தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கலாம், பின்னால் எடுக்கும் எம்ஆர்ஐ படத்தையும் அது குழப்பலாம். எது கையில் இருக்கிறதோ, எதில் அறுவை மருத்துவருக்குப் பழக்கமோ அதுவே நல்லது என்பது என் எண்ணம். நானோ என்ற சொல்லைக் கேட்டு மிரளவோ மயங்கவோ வேண்டியதில்லை என்பதற்கும் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு ஏற்றும் கரும்பழுப்பு நிற அயர்ன் சுக்ரோஸும் நானோ துகள் மருந்துதான். கர்ப்பச் சோதனை அட்டையில் தெரியும் சிவப்புக் கோடு, பெரும்பாலும் தங்க நானோ துகள்கள் ஒன்றுகூடிக் காட்டும் நிறம்தான்.

விலையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். காரணம், மருத்துவக் கேள்வி தெளிவான பிறகுதான் பணக் கேள்விக்கு வர வேண்டும். மூன்று வார முறையில் நானோ வடிவம் என்றால் அக்காவுக்கு ஒவ்வொரு முறையும் 390 மில்லிகிராம், அதாவது நான்கு குப்பி; மொத்தம் பதினாறு. தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. ஆனால் கடலூர்க்காரர் புதுச்சேரியில் சேரும்போது அந்த மருத்துவமனையில் அட்டை செல்லுமா, செல்லுமென்றால் எந்த மருந்து அதில் அடங்கும் என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிட வேண்டும். இன்னொன்று: நானோ மருந்தில் தயாரிப்பு முறையும் மருந்தின் ஒரு பகுதி. மூலப்பொருள் ஒன்றாக இருந்தாலும் துகளின் அளவும் மேற்பூச்சும் மாறினால் உடலில் அதன் நடத்தை மாறும். எனவே பாதிச் சிகிச்சையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு நிறுவனத்தின் குப்பிக்கு மாறுவதை, மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

வாரம் முடிந்து மருத்துவரைப் பார்த்தபோது அக்காவே பேசினார். "எனக்குக் கை வேணும் டாக்டர். மிஷின்ல உக்காரணும்." வாரந்தோறும் 80 மில்லிகிராம் கணக்கில் பழைய பாக்லிடாக்செல், பன்னிரண்டு வாரம் என்று முடிவாயிற்று. ஸ்டீராய்டை முதல் இரண்டு வாரம் முழு அளவில் கொடுப்பது, ஒவ்வாமை வராவிட்டால் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது, கீமோ நாளிலும் மறுநாளிலும் வீட்டுக் கருவியில் நான்கு வேளை சர்க்கரை பார்ப்பது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஒவ்வாமை கடுமையாக வந்தால் மட்டும் அல்புமின் வடிவத்துக்கு மாறுவது என்றும் கோப்பில் குறித்துவைத்தார்.

இப்போது ஏழு வாரம் முடிந்திருக்கிறது. நான்காம் வாரத்திலிருந்து ஸ்டீராய்டு இல்லை, ஒவ்வாமையும் வரவில்லை. ஒவ்வொரு வியாழனும் மருமகன் அம்மாவின் முன் ஒன்பதாம் எண் ஊசியையும் வெள்ளை நூலையும் வைத்து, கோர்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நோட்டில் எழுதுகிறான். சென்ற வாரம் வழக்கத்தைவிடச் சற்று நேரம் பிடித்தது. அந்த நோட்டை வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் காட்டினோம். எட்டாவது தவணைக்கு முன் அளவைக் குறைப்பதா, ஒரு வாரம் தள்ளிப்போடுவதா என்று பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.